என் பொண்ணுக்கே இதைத்தான் தர்றேன்

ஜனவரி 3, வெள்ளி

இந்த டைரி எனக்காக அச்சடித்ததல்ல. டாக்டர்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய நூறில் மிஞ்சிய ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஸ்திரெக்ஸ்: நிலையான மனம், நிறைவான நாள்' என்று நீல எழுத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் இடம்தான் எனக்கு.

நான் கமலக்கண்ணன், மெடிக்கல் ரெப். திருச்சி, தஞ்சாவூர், கரூர் மூன்றும் என் பகுதி. பதினோரு வருடமாக இதே கம்பெனி. ஒரு இடத்தில் உட்காராத, சொன்னது காதில் ஏறாத, எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிடும் பிள்ளைகளுக்கான மாத்திரை ஸ்திரெக்ஸ். அந்தக் கோளாறை டாக்டர்கள் ஏ.டி.எச்.டி என்பார்கள். முப்பது மாத்திரை கொண்ட டப்பா இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

என் மகள் இலக்கியாவுக்கும் அதுதான். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறாள். ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன். குடை அனுப்பினார்கள்.

மாதம் முதல் தேதி பணத்தை மனைவி தேன்மொழியிடம் கொடுத்துவிடுவேன். அவள் தலைமைத் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. வரும் வழியில் வாங்கி வந்துவிடுவாள்.

ஜனவரி 8, புதன்

தில்லைநகரில் டாக்டர் ஸ்டெல்லா இருதயராஜைப் பார்த்தேன். குழந்தைகள் மனநல மருத்துவர். இலக்கியாவைப் பார்ப்பவரும் அவர்தான்.

என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. வரைபடம், ஆராய்ச்சி முடிவு எல்லாம் காட்டி முடித்த பிறகு பையை மூடிக்கொண்டே சொல்வேன்: "என் பொண்ணுக்கே இதைத்தான் தர்றேன் டாக்டர்." கரூரிலும் தஞ்சாவூரிலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதாத பேனா இல்லை.

இன்று டாக்டர் ஸ்டெல்லாவிடமும் சொன்னேன்.

"அப்படியா? எப்பலேர்ந்து நல்ல மாற்றம் தெரியுது?"

"ஒரு ஆறேழு மாசமா டாக்டர். முன்னாடி இருந்தவளே இல்ல."

"ஆறேழு மாசம்" என்று சொல்லிக்கொண்டே கோப்பில் குறித்துக்கொண்டார். லேசாகச் சிரிக்கவும் செய்தார். இந்த மாதம் அவரிடமிருந்து நிறைய மருந்துச் சீட்டு வரும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கும்வரை இலக்கியா இருபது நிமிடம் அடுப்பை விட்டு அசையவில்லை. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஸ்திரெக்ஸ்!

ஜனவரி 27, திங்கள்

விலை ஏற்றிவிட்டார்கள். மூவாயிரத்து நானூறு. ஏரியா மேனேஜர் ஹரிஹரன் போனில் அழைத்தார்.

"விலை ஏறிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. மதிப்பு ஏறியிருக்குன்னு சொல்லுங்க."

முதலில் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "மருந்தோட மதிப்பு ஏறியிருக்கு தேன்மொழி. மாசம் ஐநூத்தம்பது சேர்த்துத் தரணும்."

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவள் "அப்படியா, சரி, குடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பளம் பொரிக்கத் தொடங்கினாள். பதினான்கு வருடத்தில் விலையேற்றத்தை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டதில்லை. நான் சொன்ன விதம் அப்படி.

ஜனவரி 30, வியாழன்

இலக்கியாவின் ஓவிய வகுப்பு வாரம் இரண்டு நாளாக இருந்தது. இந்த வாரத்திலிருந்து மூன்று நாளாம். தேன்மொழிக்கு நேரம் காலம் தெரியவில்லை. மருந்து விலை ஏறிய மாதத்திலா வகுப்பைக் கூட்டுவது?

பிப்ரவரி 2, ஞாயிறு

சிக்கனத் திட்டம். பேப்பர் நிறுத்தியாயிற்று. நான் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டப்போகிறேன். ஓவிய வகுப்பையும் நிறுத்தலாம் என்றேன். மருந்துதான் முக்கியம், படம் பிறகு வரைந்துகொள்ளலாம்.

"அத நிறுத்த முடியாது" என்றாள் தேன்மொழி.

"நாலு மாசமா போறா. ஒரு படம் வீட்டுக்கு வந்திருக்கா?"

"வரும்."

"என்ன வரையறா, அதையாவது சொல்லு."

"கோடு போட கத்துக்குறா. மொதல்ல கோடு, அப்புறம்தான் படம்."

நாலு மாதமாகக் கோடு.

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர் ஸ்டெல்லா கிளினிக் வாசலில் காத்திருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முசிறிக்காரர், பெயர் காத்தமுத்து. வாழைத்தார் ஏற்றி இறக்குகிறார். மகளுக்கு எட்டு வயது. கையில் சீட்டு.

"சார், நீங்க மருந்து கம்பெனிங்களா? பைய பாத்தா தெரியுது. இந்த மாத்திரைல விலை கம்மியா ஒண்ணும், ஜாஸ்தியா ஒண்ணும் இருக்குன்னு கடைல சொல்றாங்க. எது நல்லது?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதிலையே சொன்னேன். "பிள்ளை விஷயத்துல விலை பாக்கக்கூடாதுங்க. என் பொண்ணுக்கே நான் ஸ்திரெக்ஸ்தான் தர்றேன்."

"படிச்சவங்க சொல்றீங்க" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டரிடம் மட்டுமல்ல, வாசலிலும் வியாபாரம் நடக்கிறது. ஹரிஹரனிடம் சொன்னேன். பாராட்டினார்.

பிப்ரவரி 21, வெள்ளி

தென்மண்டலத்தில் நான்தான் முதலிடம். ஏப்ரல் கடைசியில் மாமல்லபுரத்தில் கூட்டம். நூற்றிருபது ரெப்கள் வருகிறார்கள். நான் பேச வேண்டும்.

"உங்க பொண்ணு கதைதான் ஹைலைட்டு. போட்டோ போடுங்க. மார்க் ஷீட் போடுங்க. மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்" என்றார் ஹரிஹரன். சிறந்த பேச்சுக்கு ஏர் ஃபிரையர் பரிசு.

பிப்ரவரி 22, சனி

தேன்மொழி குளித்துக்கொண்டிருந்தபோது பீரோவிலிருந்து இலக்கியாவின் ரேங்க் கார்டுகளை எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் எழவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இலக்கியா ஸ்திரெக்ஸ் டப்பாவைக் கையில் பிடித்துச் சிரிப்பது போல ஒரு படம் எடுத்தேன். டப்பா எப்போதும் ஃபிரிட்ஜ் மேல் நிற்கும்.

"எதுக்குப்பா?"

"ஆபீசுக்கும்மா."

"இது வெறும் டப்பாதானே?"

ஆட்டிப் பார்த்தேன். காலிதான். மாதக் கடைசியில் காலியாவது வழக்கம். ஆனால் இன்று தேதி ஒன்பது. தேன்மொழி வேறு எதிலாவது மாற்றி வைத்திருப்பாள். சமையலறையில் எந்த டப்பாவில்தான் பெயர் போட்ட பொருள் இருக்கிறது?

படம் நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 19, புதன்

கரூர். பதினொரு டாக்டர்கள். வெயில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கணக்கு முடிக்கும் நாள் என்பதால் தேன்மொழிக்கு அலுவலகத்தை விட்டு நகர முடியவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "வேணாம், நாளைக்கு நானே வாங்கிக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னாள். உதவி செய்ய நினைத்தால் இப்படித்தான்.

தபால் நிலையத்துக்கு எதிரே அபுதாகிர் பாய் கடை. எனக்கு நன்றாகப் பழக்கம். என்னைப் பார்த்ததும் "ஸ்டாக் பாக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்ல பாய். வீட்டுக்கு. இலக்கியாவோட மாத்திரை."

பாய் இழுப்பறையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்தார். ஸ்திரெக்ஸ் இல்லை. பெயரே கேள்விப்படாத ஏதோ ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

"இது இல்ல பாய்."

"இதுதான் சார். போன ஜூன்லேர்ந்து அக்கா இதத்தான் வாங்குறாங்க. சீட்டு ஜெராக்ஸ் இங்கயே இருக்கு."

டாக்டர் ஸ்டெல்லாவின் கையெழுத்து. மருந்தின் வேதிப்பெயர் மட்டும். கம்பெனி பெயர் இல்லை. ஜூன் மாதத் தேதி.

"தெரியாதா சார் உங்களுக்கு?"

"தெரியும், தெரியும்" என்றேன்.

மாதாமாதம் இந்தக் கடை அறிக்கையையும் நான்தான் எழுதுகிறேன். ஸ்திரெக்ஸ் விற்பனை பூஜ்யம். பத்து மாதமாகப் பூஜ்யம். என் மகளுக்கு வாங்கும் டப்பாவாவது அதில் ஒன்று என்று வந்திருக்க வேண்டுமே என எனக்குத் தோன்றவே இல்லை.

தேன்மொழி வந்ததும் அட்டைகளை மேசைமேல் வைத்தேன்.

"வாங்கிட்டு வந்துட்டீங்களா" என்றாள்.

"இது என்னது?"

"மாத்திரை. டாக்டர் எழுதுனாங்க, நான் வாங்குனேன். மாத்துன மொத மூணு மாசம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போயி காட்டுனேன். பசி, தூக்கம், எடை எல்லாம் பாத்தாங்க. ஒரு வித்தியாசமும் இல்ல."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா பைய தூக்கிட்டு வந்து எனக்கும் படம் காட்டிருப்பீங்க."

"மிச்சப் பணம்?"

"ஓவிய வகுப்பு."

"மாத்திரைப் பணத்துலயா படம் வரையறா?"

"அது ஓவிய வகுப்பு இல்லைங்க. மருந்தோட சேத்து பயிற்சியும் குடுக்கணும்னு டாக்டர் மொத நாளே சொன்னாங்க. நீங்கதான் மாத்திரையே போதும், அதெல்லாம் வீண் செலவுன்னீங்க. நேரம் பாத்து வேல செய்யறது, பைய அடுக்குறது, கோவம் வந்தா நிறுத்துறது, எல்லாம் ஒரு டீச்சர் சொல்லித் தர்றாங்க. அந்த விலையேத்தப் பணத்துலதான் மூணாவது நாள சேத்தேன்."

நான் கோபப்படவில்லை. தட்டு கைதவறி விழுந்தது.

ஏப்ரல் 2, புதன்

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஸ்திரெக்ஸ் டப்பாவின் பின்புறமும் அந்த அட்டையின் பின்புறமும். இரண்டிலும் தயாரித்த இடம் ஒரே தொழிற்பேட்டை, ஒரே மனை எண். 'தொழிற்பேட்டை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துப்பிழை.

வித்தியாசம் டப்பாதான். நல்ல டப்பா, அதில் சந்தேகமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டர் ஸ்டெல்லா. பையைத் திறக்காமலே உட்கார்ந்தேன்.

"வீட்ல சொல்லிட்டாங்களா?" என்று அவரே கேட்டார்.

"டாக்டர், இத்தன மாசமா நான் வந்து சொல்லிட்டிருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."

"உங்க வீட்டுக்குள்ள பேச வேண்டியத நான் பேச முடியுமா? அவங்களே சொல்லிக்கிறேன்னாங்க. அதுவும் போக, ஒரு அப்பா வந்து பொண்ணு நல்லாருக்கான்னு சொல்றாரு. எனக்கு அது வேண்டிய தகவல். மருந்து பேர நீங்களா சேத்துக்கிட்டீங்க."

நான் எழுந்திருக்கும்போது நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லணும் கமலக்கண்ணன். முசிறிலேர்ந்து ஒருத்தர் வர்றாரு, காத்தமுத்துன்னு. விலை கம்மியானத்தான் எழுதிக் குடுத்தேன். வாசல்ல யாரோ ஒரு கம்பெனிக்காரர் பிள்ளை விஷயத்துல விலை பாக்கக்கூடாதுன்னு சொன்னாராம். மனுசன் கடைல பேசி விலை கூடினத வாங்கியிருக்காரு. அடுத்த மாசம் முடியல. டப்பா ரெண்டு மாசம் வரட்டும்னு ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்திருக்காரு. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல ரெண்டு பேர அடிச்சிடுச்சு. ஒரு வாரம் வர வேணாம்னுட்டாங்க."

அந்தக் கம்பெனிக்காரர் யார் என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பையைத் திறந்து புதுப் பிரசுரம் ஒன்றை எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குப் போகவில்லை. லேசான தலைவலி என்று ஹரிஹரனுக்குச் சொன்னேன். எங்கள் தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இலக்கியா ஏதோ பள்ளி வேலைக்காக என் லேப்டாப்பைத் திறந்தாள். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாகச் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன்.

திரையில் மாமல்லபுரத்துக்கான படங்கள். இடப்பக்கம் 'முன்' என்ற தலைப்பில் அவளுடைய ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு. கணக்கு இருபத்து மூன்று. அதை நான்தான் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். வலப்பக்கம் 'பின்'. கணக்கு அறுபத்தொன்று. நடுவில் டப்பாவோடு அவள்.

"இத எங்க காட்டப்போறீங்க?"

"ஒரு மீட்டிங்மா. சும்மா."

"எத்தன பேரு வருவாங்க?"

"நூத்தி இருபது இருக்கும்."

"என்கிட்ட கேக்கவே இல்லையேப்பா."

"நல்லதாத்தானேம்மா சொல்லியிருக்கேன். எவ்வளவு முன்னேறியிருக்க பாரு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கீங்களா, டாக்டருங்ககிட்ட?"

"ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட."

மூன்று மாவட்டம்.

"முன்னாடி இருந்த நான் அவ்வளவு மோசமாவாப்பா இருந்தேன்?"

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நின்றேன். டாக்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், கடைக்காரர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாக் கேள்விக்கும் பயிற்சியில் பதில் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு இல்லை.

"இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. பாயசம். மாலையில் இலக்கியாவைக் கூப்பிட்டு, அவள் கண்முன்னே அந்தப் படங்களை அழித்தேன். இனி அவளைப் பற்றி வேலையிடத்தில் பேச மாட்டேன் என்றும் சொன்னேன்.

"ரீசைக்கிள் பின்னுலயும் அழிங்க" என்றாள். அழித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

மாமல்லபுரம். லேப்டாப் பழுதாகிவிட்டது என்று ஹரிஹரனிடம் சொன்னேன். மேடையில் ஏறி உண்மையைப் பேசியிருக்கலாம். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. விலைப்பட்டியலை மட்டும் இரண்டு நிமிடம் வாசித்துவிட்டு இறங்கினேன். யாரும் கைதட்டவில்லை.

எனக்குப் பிறகு வந்த மதுரைக்காரர் தன் மைத்துனரின் மகளைத் திரையில் காட்டினார். அந்தப் பெண்ணும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரங்கமே எழுந்து நின்றது. ஏர் ஃபிரையர் அவருக்கு.

எனக்கு மறுபடியும் குடை.

ஏப்ரல் 30, புதன்

காலையிலேயே தில்லைநகர் போனேன். காத்தமுத்து இன்று வருவார் என்று கிளினிக்கில் விசாரித்து வைத்திருந்தேன். மகளோடு வந்தார். அந்தப் பெண் வந்ததும் வராததுமாகச் செருப்பு வைக்கும் பலகையில் ஏறி நின்றாள்.

"ஏங்க, டாக்டர் எழுதிக் குடுக்குறத அப்படியே வாங்குங்க. விலை கம்மியானதே போதும். தெனமும் குடுங்க, விடாம குடுங்க."

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்கதானே சார் அன்னிக்கு விலை பாக்கக்கூடாதுன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேங்க."

"உங்க பொண்ணுக்கே அதத்தான் குடுக்குறேன்னு சொன்னீங்களே?"

"அதுவும் தப்புதாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வேற கம்பெனிக்கு மாறிட்டீங்களா சார்?" என்றார்.

இல்லை என்றேன். டாக்டரிடமே கேட்டுக்கொள்வதாகச் சொல்லி மகளைக் கையோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். சரியான முடிவுதான்.

மே 20, செவ்வாய்

இலக்கியா முழுப் பரீட்சையில் கணக்கில் ஐம்பத்தெட்டு. எதனால் மூன்று குறைந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு கஷ்டமாக இருந்திருக்கும்.

என் விற்பனையும் குறைந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் பேசினால் டாக்டர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

கம்பெனி புது மாத்திரை ஒன்றை இறக்கியிருக்கிறது. 'ஸ்திரெக்ஸ் எளிமை'. முப்பது மாத்திரைக்கு முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது. மலிவு விலை மருந்துகள் சந்தையைத் தின்றுவிட்டதால் நாமும் அதில் இறங்குகிறோம் என்றார் ஹரிஹரன்.

"அப்ப டாக்டர்கிட்ட என்ன சொல்றது சார்?"

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னு சொல்லுங்க. அதே மருந்து, அதே தரம்."

"போன மாசம் வரைக்கும் மலிவானது தரமில்லன்னு சொன்னோமே?"

"அது மத்தவங்களோட மலிவு. இது நம்ம மலிவு."

டாக்டர் ஸ்டெல்லாவிடம் போய்ப் புதுப் பிரசுரத்தை வாசித்தேன். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அவரிடம் மட்டும்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

ஜூன் 24, செவ்வாய்

தஞ்சாவூர். மூன்று வருடமாக என் பேச்சைக் கேட்டு ஸ்திரெக்ஸ் எழுதிவரும் டாக்டர். 'எளிமை'யை எடுத்து வைத்தேன்.

"மலிவு மருந்த நம்பி எழுதாதீங்கன்னு போன தடவ அரை மணி நேரம் பேசுனீங்க" என்றார்.

"ஆமா டாக்டர்."

"இப்ப?"

"வித்தியாசம் இல்ல டாக்டர்."

"இதுல எத நான் நம்புறது?"

"இப்ப சொல்றத."

நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே எனக்கு வழி காட்டினார்.

"சரி விடுங்க. உங்க பொண்ணுக்கு விலை கம்மியானதத்தான் குடுக்குறீங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைலேர்ந்து எல்லாருக்கும் எழுதுறேன்."

ஆமாம் என்றால் போதும். இந்த முறை அது உண்மையும்கூட. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் அவரிடம் வருகிறார்கள். அந்த வீடுகளில் எல்லாம் மாதம் மூவாயிரம் மிச்சமாகும், எனக்கும் இலக்கு முடிந்துவிடும். வாய்வரை வந்துவிட்டது.

"அவளப் பத்திப் பேசுறதில்ல டாக்டர். வேணும்னா டாக்டர் ஸ்டெல்லாவோட நம்பர் தர்றேன். ரெண்டையும் எழுதிப் பாத்தவங்க. அவங்ககிட்ட கேளுங்க."

நம்பரை வாங்கிக்கொண்டார். கேட்பாரா என்று தெரியாது. "பாக்கலாம்" என்று சொல்லி அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அன்றாட அறிக்கையைப் போனில் நிரப்பினேன். தஞ்சாவூர், சந்திப்பு ஒன்று, ஒப்புதல் இல்லை. 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அறிக்கை போகாது. 'மகள் அனுமதிக்கவில்லை' என்று போட்டேன்.

வல்லம் தாண்டுவதற்குள் ஹரிஹரனிடமிருந்து பதில் வந்துவிட்டது: 'அனுமதி எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்று குறிப்பிடவும்.'

குறிப்பிடவில்லை.